அவளை ஈனம்பண்ணவேண்டாம்: யாங்கோன் தமிழ்ச் சபையொன்றின் குழுவுக்குத் திறந்த மடல்

கனத்திற்குரிய போதகர் அவர்களுக்கும் சபைக் குழுவின் மூப்பர்களுக்கும்,

சென்ற மாதம் ஆராதனையின் முடிவில், அறிவிப்புகளுக்கு நடுவே வாசிக்கப்பட்ட உங்கள் தீர்மானத்தை என்னால் அமைதியாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சபையின் அரிசி உதவியைப் பெறும் குடும்பங்கள் இனி ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அன்று பீடத்துக்கு முன்னால் வந்து, நன்கொடையாளர் பெயர் எழுதிய பேனரின் கீழ் மூட்டையோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும், அந்தப் படங்கள் சபையின் பேஸ்புக் பக்கத்தில் போடப்படும் என்றும் சொன்னீர்கள். அதே தீர்மானத்தின் அடுத்த வரியில், இந்தக் குடும்பங்களின் பாரத்தைக் குறைப்பதற்காக அவர்களிடமிருந்து, உலை வைக்கும்போது எடுத்துச் சேர்க்கும் பிடியரிசிக் காணிக்கை வாங்கப்படாது என்றும், பட்டியலில் இருக்கும் காலம்வரை அவர்கள் குழுத் தேர்தலில் நிற்க முடியாது என்றும் இருந்தது. அந்தப் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. தீர்மானம் எல்லார் முன்பாகவும் வாசிக்கப்பட்டதாலும், அதற்கு முன் எங்களில் ஒருவரையும் அழைத்து ஒரு வார்த்தை கேட்காததாலும், நானும் என் மறுப்பை எல்லார் முன்பாகவும் வைக்கிறேன்.

இந்த மாதத்தின் முதல் ஞாயிறு என்ன நடந்தது என்பதை முன்வரிசையில் இருந்த நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்கள் கண் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தது. பக்கவாட்டு வரிசையில் இருந்த நான் பார்த்தேன். நாற்பது ஆண்டுகளாக நம் கோயில் மணியை அடித்த பெரியவர், மடிப்புக் கலையாத லோஞ்சிக் கைலியும் வெள்ளைச் சட்டையுமாக வந்திருந்தார். கை நடுக்கத்தால் மூட்டையை அவரால் உயர்த்திப் பிடிக்க முடியவில்லை. படம் எடுத்த தம்பி, "தாத்தா, பேனர் மறைக்குது, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். பெரியவர் தள்ளி நின்றார். படம் சரியாக விழவில்லை என்று மறுபடியும் நிற்கச் சொன்னார்கள். அவர் மறுபடியும் நின்றார். அவருக்குப் பின்னால் கைக்குழந்தையோடு இருந்த பெண் முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டபோது, முகம் தெரிய வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அந்தத் தம்பியை நான் குறை சொல்லவில்லை. அவர் சொன்ன வேலையைச் செய்தார். ஆனால் எந்தப் பீடத்துக்கு முன்னால் "எங்களுக்கு இரங்கும்" என்று வாரந்தோறும் நாம் எல்லாரும் ஒரே குரலில் சொல்லுகிறோமோ, அதே பீடத்துக்கு முன்னால் இரக்கம் வாங்கியவர்கள் மட்டும் தனி வரிசையாக நிறுத்தப்பட்டார்கள்.

என் முறை வந்தபோது நான் பீடத்துக்கு முன்னால் போகவில்லை. பக்கத்துக் கதவு வழியாக வீட்டுக்குத் திரும்பினேன். மறுநாள் பொறுப்பாளரைக் கேட்டபோது, "படம் இல்லாம கணக்குல எழுத முடியாதேக்கா, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றார். அன்றிரவு உலையில் போடுவதற்குப் பக்கத்து வீட்டுப் பர்மிய அம்மாவிடம் இரண்டு பால் டப்பா அரிசி கடன் வாங்கினேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. டப்பாவின் விளிம்புக்கு மேல் கோபுரமாக அள்ளி, சிந்தாமல் இருக்கத் தன் இடது உள்ளங்கையைக் கீழே ஏந்திக்கொண்டு என் பாத்திரத்தில் கொட்டினார். அவ்வளவுதான் நடந்தது. ஒரே வாரத்தில் இந்த இரண்டையும் கண்டதனால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

உங்களில் ஒருவரும் கல்நெஞ்சர் அல்ல. 2021-இல் ஆட்சி மாறியதற்குப் பிறகு அரிசியும் எண்ணெயும் மருந்தும் விலையேறிய இந்த ஆண்டுகளில், வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளிடமும் உறவுகளிடமும் கேட்டுக் கேட்டு இந்த அரிசியைச் சேர்த்தவர்கள் நீங்கள். பணம் அனுப்புகிறவர்கள் அத்தாட்சி கேட்கிறார்கள் என்பதும், முன்பு ஓரிரு வீடுகளுக்கு இரண்டு முறை போய்விட்டது என்பதும் எனக்குத் தெரியும். கணக்கு வேண்டும். மாதர் சங்கத்தின் பொருளாளராகப் பதினோரு ஆண்டுகள் இருந்தவள் நான். கணக்கு வேண்டாம் என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் யாரிடம் கணக்குக் கேட்க வேண்டும் என்பதற்கு வேதத்தில் நமக்குத் தெளிவான முன்மாதிரி இருக்கிறது. எருசலேமின் ஏழைப் பரிசுத்தவான்களுக்காக அப்போஸ்தலனாகிய பவுல் தர்மப்பணம் சேர்த்தபோது, அந்தப் பணத்தைக் குறித்து ஒருவரும் தங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு எச்சரிக்கையாயிருந்தார் என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் எட்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அதற்காக அவர் செய்தது என்ன? பணத்தைக் கொண்டுபோகும்போது தன்னோடுகூட வரும்படி, சபைகள் தெரிந்தெடுத்த சகோதரனைச் சேர்த்துக்கொண்டார். சோதிக்கப்பட்டது பணத்தைச் சுமந்த கைகள். எருசலேமின் விதவைகளைத் தெருவில் நிறுத்தி அத்தாட்சி வாங்கி வரும்படி அவர் தன் உடன்வேலையாளான தீத்துவிடம் சொல்லவில்லை.

படங்களைக் குறித்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நாட்களில் தங்கள் முகமும் தாங்கள் இருக்கும் தெருவும் வெளியே தெரிய வேண்டாம் என்று ஒதுங்கி வாழும் குடும்பங்கள், வளர்ந்த பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கும் தாய்மார்கள், நம் சபையிலும் இருக்கிறார்கள். காரணத்தை நான் விரித்து எழுத வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வீடுகளில் இரண்டு, அரிசியே வேண்டாம் என்று பட்டியலிலிருந்து தாங்களாகவே பெயரை எடுத்துவிட்டன. தேவை குறைந்துவிட்டது என்று உங்கள் கணக்குப் புத்தகம் அதைக் காட்டும்.

நான் நியாயம் பேசுவதற்கு முன், நான் செய்ததையும் சொல்ல வேண்டும். 2008-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் தேதி இரவு நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவின் மேல் வந்தது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக ஏறக்குறைய 1,38,000 பேர் என்று கணக்கிட்டார்கள். யாங்கோனிலும் பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்து மின்சாரம் இல்லாமல் கிடந்தோம். ஆனாலும் சில வாரங்களில் நம் சபையிலிருந்து ஒரு சிறு கூட்டமாகப் படகில் அரிசியும் லோஞ்சியும் பிளாஸ்டிக் விரிப்பும் ஏற்றிக்கொண்டு போகலே பக்கம் ஒரு கரேன் கிறிஸ்தவக் கிராமத்துக்குப் போனோம். அங்கே வரிசையை ஒழுங்குபடுத்தி, ஒவ்வொருவரையும் சாமானோடு நிற்க வைத்துப் படம் எடுக்கச் சொன்னவள் நான்தான். மதியம் புறப்படும் வேளையில், வரிசையில் நின்று லோஞ்சி வாங்கிப்போன ஒரு கரேன் அம்மா படகுத்துறைக்கு வந்து, வாழையிலையில் சுற்றிய நான்கு பொரித்த மீன்களை என்னிடம் நீட்டினார். அவருடைய வீடும் போயிருந்தது. பிள்ளைகளில் இருவர் போயிருந்தார்கள். "வேண்டாம், நீங்களே சாப்பிடுங்கள்" என்று அந்தக் கையை மெல்லத் தள்ளினேன். அன்பாகத்தான் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் அணைந்துபோனதை அப்போது பார்த்தேன். அதன் பொருள் பல ஆண்டுகள் கழித்தே விளங்கியது. அன்று காலையிலிருந்து அவர் வாங்கிக்கொண்டே இருந்தார். அந்த நான்கு மீனைக் கொடுத்த நிமிடம் ஒன்றில்தான் புயலுக்கு முன்பிருந்த வீட்டுக்காரியாக, விருந்தாளிக்கு இலை போடுகிறவராக அவர் நிமிர்ந்து நிற்கப் பார்த்தார். அதையும் நான் வாங்காமல் விட்டேன். கொடுப்பது மட்டுமே இரக்கம் என்று நினைத்திருந்த எனக்கு, வாங்கிக்கொள்வதும் இரக்கமாக இருக்கக்கூடும் என்று சொல்லித்தர அன்று ஆள் இல்லை.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து, யாங்கோனின் தாம்வே வட்டாரத்தில் இருந்த எங்கள் தேநீர்க்கடையை மூடி, அடுத்த ஆண்டே அவரையும் அடக்கம் செய்த பிறகு, நீட்டுகிற கைக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றேன். இங்கிருந்து பார்த்தால் பல காரியங்கள் வேறாகத் தெரிகின்றன.

முக்கியமாகப் பிடியரிசி. பாரத்தைக் குறைப்பதாக எண்ணி நீங்கள் எடுத்துப்போட்டது எது என்பதை நீங்கள் அறிந்துதான் செய்தீர்களா என்று தெரியவில்லை. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது, களைந்து போடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக ஒரு பாத்திரத்தில் போட்டுச் சேர்த்து, மாதக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டுபோவது நம் தாய்மார்கள் திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் கப்பலில் கொண்டுவந்த பழக்கம். நம்மிடம் மட்டும் உள்ளதும் அல்ல. இந்தப் பக்கம் சின் மலைகளிலும் எல்லைக்கு அந்தப் பக்கம் மிசோ மலைகளிலும் கிறிஸ்தவப் பெண்கள் இதையே செய்து சபைகளையும் ஊழியங்களையும் தாங்கியிருக்கிறார்கள். என் வீட்டில் அதற்கென இருப்பது ஒரு பழைய பால் டப்பா. இந்த ஊரில் அரிசி அளக்கும் அதே டப்பாதான். எட்டு டப்பா சேர்ந்தால் பியி என்னும் பர்மியப் படி ஒன்று. என் அம்மா வைத்திருந்தது; விளிம்பு தேய்ந்து, துரு பிடித்த இடத்தில் துணி ஒட்டியிருக்கும். என் கணவர் படுக்கையில் இருந்த மாதங்களில் பிடி சிறியதாகிவிட்டது. சில நாள் மூன்று விரலில் எடுத்தேன். ஆனால் எடுக்காமல் விட்ட நாள் இல்லை. அந்த மூன்று விரல் அரிசிதான், நான் இன்னும் இந்தச் சபையின் ஆள், என் கையிலிருந்தும் ஒருவருக்கு ஏதோ போகிறது என்று எனக்கு நாள்தோறும் சொன்னது. அதைத்தான் பாரம் என்கிறீர்கள்.

சாறிபாத்தின் விதவையிடம் எலியா போனபோது பானையில் இருந்தது ஒரு பிடி மாவு. அதைச் சமைத்துச் சாப்பிட்டு மகனோடு செத்துப்போகத்தான் அவள் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். தீர்க்கதரிசி அவளுக்கு விதிவிலக்குக் கொடுத்து விலகிப் போகவில்லை. முதலில் எனக்கு ஒரு சிறிய அடை செய்து கொண்டுவா என்று கேட்டார். இதைச் சிறுவயதில் வாசித்தபோது எனக்கு எலியாவின்மேல் கோபம் வந்தது உண்டு. இப்போது வருவதில்லை. சாகப்போகிற ஒருத்தியைப் பார்த்து, உன்னிடம் எனக்குக் கொடுக்க ஒன்று இருக்கிறது என்று சொன்ன முதல் மனிதர் அவர். காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்த நம் ஆண்டவரும், இரண்டு காசு போட்ட ஏழை விதவையைத் தடுக்கவில்லை. அவள் பெயரைச் சொல்லவில்லை. அவளை எழுப்பி நிறுத்தவும் இல்லை. சீஷர்களை அருகே அழைத்து அவர்களிடம் மட்டும் சொன்னார். மக்கெதோனியா நாட்டுச் சபைகளோ கொடிய தரித்திரத்தில் இருந்தும், நாங்களும் கொடுக்க வேண்டும் என்று பவுலை வருந்திக் கேட்டுக்கொண்டன. நம் தீர்மானம் அன்று அமலில் இருந்திருந்தால் அந்தச் சபைகளின் பணம் திருப்பி அனுப்பப்பட்டிருக்கும்.

நம் ஆண்டவர் கொடுத்தவர் மட்டுமல்ல, வாங்கியவரும் ஆவார் என்பதை நாம் பிரசங்கங்களில் அதிகம் கேட்பதில்லை. சமாரியப் பெண்ணிடம் அவர் முதலில் பேசிய பேச்சே தாகத்துக்குத் தண்ணீர் கேட்டதுதான். பல பெண்கள் தங்கள் ஆஸ்திகளால் அவருக்கு ஊழியம் செய்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். பெத்தானியாவில் பரிமள தைலத்தை ஊற்றிய பெண்ணை மற்றவர்கள், ஏழைகளுக்குக் கொடுக்கலாமே என்று கணக்குச் சொல்லிக் கடிந்துகொண்டபோது, அவளை விட்டுவிடுங்கள் என்றார். வாங்கிக்கொள்ளத் தெரியாதவன் பேதுரு. நீர் என் கால்களைக் கழுவக்கூடாது என்று மறுத்தான். அவனும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பிலிப்பியருக்கு எழுதும்போது பவுல் இதற்கு வைக்கும் பெயர் நம் கடைவீதிச் சொல்தான்: கொடுக்கல் வாங்கல். எங்கள் கடையில் முப்பது ஆண்டுகள் அந்தச் சொல்லோடு வாழ்ந்தோம். ஒரு பக்கம் மட்டும் ஓடுகிற காரியத்தை யாரும் கொடுக்கல் வாங்கல் என்று சொல்ல மாட்டார்கள்.

இந்த நாட்டில் நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமாக இருக்கவும் கூடாது. விடியற்காலையில் நம் தெருவில் துறவிகள் வரிசையாக வரும்போது, சோறு போடுகிறவர்கள்தான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுகிறார்கள். வாங்குகிறவர் நன்றி சொல்வதில்லை, சொல்ல வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. அவர்களுடைய கோட்பாடு வேறு, நம் விசுவாசம் வேறு. அதை நான் கலக்கவில்லை. ஆனால் வழிப்போக்கர் குடிப்பதற்கு வீட்டு வாசலில் மண்பானையில் தண்ணீர் வைக்கும் அயலாரிடையே நாம் வாழ்கிறோம். உலக ஈகைப் பட்டியலில் 2014 முதல் 2017 வரை நான்கு ஆண்டுகளும் முதலிடத்தில் இருந்த நாடு இது. 2014-இல் மட்டும் அமெரிக்காவோடு அந்த இடத்தைப் பகிர்ந்துகொண்டது. யாங்கோனில் 2001-இல் தொடங்கிய இலவச ஈமச்சேவைச் சங்கம், இறந்தவர் எந்த மதம் என்று பார்க்காமல் ஆயிரக்கணக்கானவர்களை அடக்கத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது. அதைப் பார்த்து ஊருக்கு ஊர் பரஹிதம் என்னும் பொதுநலத் தொண்டுக் குழுக்கள் எழுந்தன. என் கணவர் இறந்த அன்று வண்டி கொண்டுவந்தவர்களும் எங்கள் வட்டாரத்தில் அப்படி ஒரு சிறு குழுவைச் சேர்ந்த பர்மியப் பையன்கள்தான். நான்கு மாடி குறுகிய படிக்கட்டில் பெட்டியைச் சரியாமல் இறக்கி, நம் போதகர் ஜெபித்து முடிக்கும்வரை தலைகுனிந்து வெளியே நின்று, கையில் கொடுக்கப்போன பணத்தை வாங்காமல் போனார்கள். எரிகோவுக்குப் போகும் வழியில் விழுந்துகிடந்தவனுக்கு உதவி, தன் இனத்தாரிடமிருந்து அல்ல, ஒரு சமாரியனிடமிருந்து வந்ததை அன்று நினைத்துக்கொண்டேன். அவனிடமும் சத்திரக்காரன் படம் கேட்கவில்லை.

1941 டிசம்பரில் அப்போதைய ரங்கூனில் ஜப்பானியக் குண்டு விழுந்தபின் கால்நடையாக இந்தியாவுக்குப் புறப்பட்ட லட்சக்கணக்கானவர்களில் என் பாட்டியும் ஒருவர். பியே நகருக்கு அப்பால் காய்ச்சலில் விழுந்து, ஒரு பர்மியக் குடும்பத்தின் மாட்டுக்கொட்டகையில் இரண்டு மாதம் கிடந்து, அவர்கள் ஊற்றிய கஞ்சியில் பிழைத்துத் திரும்பி வந்தார். நம் சபையில் எந்தக் குடும்பத்தைத் தோண்டினாலும், 1942-இலோ, கடைகள் அரசுடைமையான 1964-இலோ, யாரோ ஒருவர் ஊற்றிய கஞ்சி இருக்கும். இன்று பட்டியலில் இல்லாத வீடுகளுக்கும் அது பொருந்தும். அந்தக் கஞ்சியைக் குடித்தவர்கள் யாரும் அதற்காகப் பேனரின் கீழ் நின்றதில்லை.

எருசலேம் சபையிலும் இதே குறை எழுந்தது. அன்றாட விசாரணையில், அதாவது உணவு பகிர்வதில், தங்கள் விதவைகள் விசாரிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசிய விசுவாசிகளான கிரேக்கரானவர்கள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர்கள் அந்த முறுமுறுப்பைக் கலகம் என்று அடக்கவில்லை. சபையைக் கூட்டி ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. அத்தனையும் கிரேக்கப் பெயர்கள். யார் வயிறு காய்ந்ததோ அவர்கள் பக்கத்து ஆட்களின் கையிலேயே அரிசிப்பானை கொடுக்கப்பட்டது என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். நீங்களோ அரிசி வாங்குகிறவர் குழுவில் நிற்கக்கூடாது என்கிறீர்கள்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவை. படம் எடுக்கும் தீர்மானத்தை வரும் குழுக் கூட்டத்திலேயே திரும்பப் பெற்று, பேஸ்புக் பக்கத்தில் ஏற்கெனவே போட்ட படங்களை இந்த வாரமே நீக்கிவிடுங்கள்; நீக்கிவிட்டதை ஆராதனையில் அறிவியுங்கள். அரிசியை வாரநாளில் கோயிலின் பின்அறையில் வைத்து, கையெழுத்துப் புத்தகத்தோடு கொடுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு வாலிபர் சங்கத்தார் இரவில் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். பணம் அனுப்புகிறவர்களுக்கு அந்தப் புத்தகத்தின் மொத்தக் கணக்கையும் அரிசிக் கடையின் ரசீதையும், வெளியாள் ஒருவர் தணிக்கை செய்து அனுப்பினால் போதும். அந்தக் கடிதத்தை எழுதும் வேலையை நான் சம்பளமின்றிச் செய்யத் தயார். உதவி பெறும் குடும்பங்களிலிருந்து மூன்று பேரை, அவர்களில் இருவராவது பெண்களாக, உதவிப்பணிக் குழுவில் சேருங்கள். தேர்தல் தடையை முழுவதும் நீக்குங்கள். பெயரை எடுத்துவிட்ட இரண்டு வீடுகளுக்கும் போதகர் அவர்களே நேரில் போக வேண்டும். மணியடித்த பெரியவரிடம் ஒருவர் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். அது யார் என்பதை நீங்கள் முடிவுசெய்யுங்கள்.

ஏழை விதவையான ரூத், போவாஸின் வயலில் கதிர் பொறுக்க வந்தபோது, அரிக்கட்டுகளின் நடுவே அவள் பொறுக்கிக்கொள்ளட்டும், அவளை ஈனம்பண்ணவேண்டாம் என்று போவாஸ் தன் வேலைக்காரருக்குக் கட்டளையிட்டான். சில அரிகளை வேண்டுமென்றே சிந்திவிடுங்கள் என்றும் சொன்னான், அவள் தன் கையால் எடுத்துக்கொண்டதாக இருக்கும்படி. உங்கள் தீர்மானத்தைத் திருத்தி எழுத உட்காரும்போது ரூத்தின் புத்தகத்தில் அந்த இரண்டாம் அதிகாரத்தை ஒருமுறை சத்தமாக வாசித்துவிட்டு எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, பிடியரிசி. தீர்மானத்துக்குப் பின்னும் நான் எடுத்துவைப்பதை நிறுத்தவில்லை. என் டப்பா இப்போது முக்கால்வாசி நிறைந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் திருப்பிக் கொடுத்தது போக மீந்தது. இந்த மாதக் கடைசி ஞாயிறு அதை எடுத்துக்கொண்டு வருவேன்; பட்டியலில் உள்ள மற்ற வீடுகளிலிருந்தும் சிலர் வருவார்கள். வாங்கிக்கொள்வதற்கு வாசலில் ஒருவரை நிறுத்துங்கள்.

தாம்வேயிலிருந்து,
சபையின் அங்கத்தினர் ஒருத்தி